குடியில்லாக் குடியிருப்பு

அக்காள் மகளுக்குப் போன வருடம் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. விசா, கட்டணம், குளிர் உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் அலைந்து முடித்த பிறகு ஒரே ஒரு பாரம் மட்டும் பாக்கி இருந்தது. தங்கும் விடுதிக்கான பாரம். இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய், அறையில் இசை ஓடினால் பரவாயில்லையா என்கிற மாதிரி சில கேள்விகள். அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி: 'சப்ஸ்டன்ஸ் ஃப்ரீ' மாடியில் இருக்க விருப்பமா?

"மாமா, இதுல என்னா போடறது?" என்று இரவு பதினோரு மணிக்குப் போன் பண்ணினாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சப்ஸ்டன்ஸ் என்றால் சாரம், பொருள் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். சாரமில்லாத மாடியில் யார் போய் இருப்பார்கள்?

"அது இல்ல மாமா. பீர், சிகரெட், கஞ்சா ஒன்னுமே இருக்கக்கூடாது. குடிச்சிட்டும் அங்க வரக்கூடாது."

"அப்ப மத்த மாடியில குடிக்கலாமா? அந்த ஊர்ல இருபத்தோரு வயசு ஆகாம குடிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கே?"

"அதான் எனக்கும் புரியல."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "ஆமான்னு போடுடி. இதுக்குப் போயி மாமாகிட்ட என்னா கேள்வி?"

அக்கா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அத்தான் நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு இறந்தவர். பிள்ளைக்கு அப்போது பதினொன்று. அவள் ஏன் தயங்குகிறாள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளே சொன்னாள். "இங்கதான் தாமான் முழுக்க என்னைக் குடிகாரன் மவன்னு தெரியும். அங்கயும் போயி அதே பேர ஒட்டிக்கணுமா மாமா?"

ரெண்டு நாள் டைம் குடு என்றேன். மாமாக்களுக்கு வேறென்ன தெரியும்? உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்கக் கல்லூரியின் கதை பீரில்தான் தொடங்குகிறது. 1636இல் ஹார்வர்ட் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைமை ஆசிரியர் நதானியேல் ஈட்டன். உதவியாளரைத் தடியால் அடித்த வழக்கில் 1639இல் வேலை போனது. அந்த விசாரணையில் மாணவர்களின் சாப்பாட்டுப் புகாரும் வந்தது. சமையல் பொறுப்பு அவர் மனைவிக்கு. மாணவர்களுக்குச் சில நாட்கள் பீர் இல்லாமல் போய்விட்டது என்பதை அந்த அம்மாள் தன் குற்றங்களில் ஒன்றாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பீர் கொடுத்தது தப்பில்லை, கொடுக்காமல் விட்டதுதான் தப்பு. வைதீகமான பியூரிட்டன்கள் நடத்திய கல்லூரி அது.

இரு நூற்றாண்டு கழித்துக் காற்று மாறியது. 1833இல் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற ஊரையும் கல்லூரியையும் சேர்த்தே உண்டாக்கியவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். சாராயமும் புகையிலையும் கூடாது. கூடுமானவரை தேநீரும் காப்பியும்கூடக் கூடாதாம். (நம்மாட்கள் அன்றைக்கே கப்பலைத் திருப்பியிருப்பார்கள்.) சிக்காகோவுக்குப் பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் சாசனத்தில் 1855இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். வளாகத்தைச் சுற்றி நான்கு மைல் தூரத்துக்கு மது விற்கக்கூடாது. ஒரு மாடியை ஒதுக்குவதெல்லாம் பின்னால் வந்த யோசனை. அன்றைக்கு ஊரையே ஒதுக்கிவிட்டார்கள். அந்த எவன்ஸ்டன் நகரம் 1972 வரை மதுவிலக்கு ஊராகவே இருந்தது. மகளிர் மதுவிலக்குச் சங்கத்தை நாடு முழுக்கப் பரப்பிய ஃபிரான்சஸ் வில்லர்ட் அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர்தான்.

1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்து தோற்ற கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் பட்டது 1960களில் நடந்தது. அதுவரை கல்லூரி என்றால் அங்கே பெற்றோர் ஸ்தானம். எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்ப வேண்டும், அறையில் யார் இருக்கலாம், பிள்ளையை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் எல்லாமே நிர்வாகத்தின் இஷ்டம். 1960இல் அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் சிலர், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய அரசுக் கல்லூரி விசாரணையே இல்லாமல் அவர்களை வெளியேற்றியது. வழக்குப் போட்டார்கள். 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணம் சொல்லாமலும் விசாரிக்காமலும் அரசுக் கல்லூரி ஒரு மாணவனை வெளியேற்ற முடியாது என்றது. கல்லூரி அப்பா அம்மா அல்ல என்ற பேச்சு அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. பீருக்காக நடந்த சண்டை இல்லை அது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக நடந்த சண்டை. ஆனால் அது உடைத்த பூட்டில் விடுதிக் கதவும் சேர்ந்து திறந்துகொண்டது.

அடுத்தது வியட்நாம். பதினெட்டு வயதில் போருக்கு அனுப்புகிறாய், ஓட்டு மட்டும் இல்லையா என்று கேட்டார்கள். 1971இல் ஓட்டு கிடைத்தது. அதே வேகத்தில் ஏறத்தாழ முப்பது மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. சாலையில் பிள்ளைகள் சாக ஆரம்பித்தார்கள். 1979இல் இன்னொரு தீர்ப்பு. கல்லூரிப் பிக்னிக்கில் குடித்துவிட்டு ஒரு மாணவன் காரோட்ட, பின்னால் இருந்தவன் கைகால் செயலிழந்து போனான். கல்லூரிக்கு இதில் பொறுப்பில்லை, மாணவர்கள் வளர்ந்தவர்கள் என்றது நீதிமன்றம். படிக்கும்போது எனக்கு வயிறு பிசைந்தது. சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அதைப் படித்துக் காட்ட முடியுமா?

1984 ஜூலையில் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் மறுபடியும் 21 என்றது. நேராகத் தடை போடவில்லை. வயதை ஏற்றாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. கடைசி ஆள் வயோமிங்.

அக்காள் மகளின் குழப்பத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. சட்டம் 21 என்றது. முதலாண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அதற்குக் கீழே. குடி நிற்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனது. கல்லூரியால் பழையபடி அப்பனாக மிரட்ட முடியாது, அந்த உரிமை போய்விட்டது. கண்டுகொள்ளாமலும் இருக்க முடியாது. 1989இல் வந்த சட்டத் திருத்தம், மத்திய அரசின் பணம் வாங்கும் கல்லூரிகளெல்லாம் போதைக்கு எதிராக எழுத்தில் ஒரு கொள்கை வைத்தே ஆகவேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழிதான் இந்த 'டிக்'. நாங்கள் தடுக்கவில்லை, நீயே ஒப்பந்தம் போட்டுக்கொள். சட்டம் ஏற்கனவே கூடாது என்று சொன்ன ஒன்றைத் தனியாக ஒரு பாரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றால், மற்ற மாடிகளில் அந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்று நிர்வாகமே ஒப்புக்கொள்கிறது என்றுதானே அர்த்தம்?

நியூஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988இல் ஒரு விடுதியைத் திறந்தது. குடியிலிருந்து மீண்டுவரும் மாணவர்களுக்கானது அது. மறுவருடம் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது வேறு வகை. யாரும் நோயாளியாக இருக்கவேண்டியதில்லை, வேண்டாம் என்று நினைத்தால் போதும். இந்த இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் அவளுடைய கேள்விக்கே அடிப்படை. ஒன்று சிகிச்சை, மற்றது வெறும் விருப்பம். அவள் பயந்தது முதல் வகைக்கு. பாரத்தில் இருந்தது இரண்டாவது.

ஹார்வர்டில் ஹென்றி வெக்ஸ்லர் 1993இல் 140 கல்லூரிகளில் நடத்திய ஆய்வுதான் பெற்றோரை உலுக்கியது. ஆண்கள் ஒரே அமர்வில் ஐந்து, பெண்கள் நான்கு என்பது அவர் வைத்த அளவு. முந்தைய இரண்டு வாரத்தில் அந்த அளவைத் தொட்டவர்கள் 44 விழுக்காடு. அதைவிட என்னை நிறுத்தியது, குடிக்காதவர்களிடம் அவர் கேட்ட கேள்விகள். தூக்கம் கெட்டதா? வாந்தியைக் கழுவினாயா? யாராவது ஏசினார்களா, கை வைத்தார்களா? சிகரெட் புகை பக்கத்திலிருப்பவனையும் தாக்குவது மாதிரி இதையும் அவர் எண்ணினார். அத்தான் காலத்தில் அக்கா வீட்டில் யாராவது இந்தக் கேள்விகளோடு வந்திருந்தால் அக்கா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றிருப்பாள். எங்கள் ஊரில் குடித்தவனை எண்ணினார்கள், கழுவியவளை எண்ணவில்லை.

2001இல் அதே குழு விடுதிகளை ஒப்பிட்டது. மதுவும் புகையும் இரண்டுமே கூடாத விடுதிகளில் இந்தத் தொல்லைகள் குறைவாக இருந்தன. அடக்கமான பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள், அதனால்தான் குறைவு என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்குத் தூங்க நினைக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கிடையில் எம்.ஐ.டி.யில் 1997இல் ஒரு மரணம். புதிதாக வந்த பதினெட்டு வயது மாணவன், வளாகத்துக்கு வெளியே ஒரு சகோதரச் சங்க வீட்டில் சேர்ந்து சில வாரங்களில் குடித்தே இறந்தான். அப்போது அங்கே புது மாணவர்கள் வந்திறங்கிய சில நாட்களில் எங்கே தங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். 2000இல் பல்கலைக்கழகம் குடும்பத்தோடு 60 லட்சம் டாலருக்குத் தீர்வு கண்டது, தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2002 முதல் முதலாண்டு மாணவர் எல்லாரும் வளாகத்துக்குள்தான் தங்கவேண்டும். வளர்ந்தவர்கள் என்று கைகழுவிய 1979க்குப் பிறகு, பெற்றோர் ஸ்தானம் பின்வாசல் வழியாகக் கொஞ்சம் திரும்பி வந்தது.

படித்துக்கொண்டிருக்கும்போது ஹார்வர்ட் என்ற பெயர் வேறொரு பக்கம் இழுத்தது. கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டம் என்றே ஒன்று உண்டு. 1946, 47இல் அங்கே ஏ.எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். கெடா தோட்டங்களில் அவர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், பிரிட்டிஷ் போலீஸ் அடக்கியது. லயத்தில் இருந்தவர்களுக்கு எந்தப் பாரமும் வரவில்லை. தோட்டத்துக்குள் கடையை வைத்துக்கொடுத்ததும் நிர்வாகம்தான், சம்பளம் கொடுத்ததும் நிர்வாகம்தான். வேண்டாம் என்று சொல்லக் கூட்டமாய்த் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் தாத்தா அந்த வட்டாரத்துக்காரர். மறியல் பக்கம் நின்றாரா கடைக்குள் இருந்தாரா என்று கேட்டால் அம்மாச்சி பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டேன். ரட்கர்ஸ் வேற, மிச்சிகன் வேற என்று விளக்கினேன். நீளமாகத்தான் பேசினேன் போலிருக்கிறது.

"மாமா, லெக்சர் போதும். அங்க யாரும் ஏன் வந்தன்னு கேப்பாங்களா?"

"கேக்கலாம். தூக்கம் வேணும்னு சொல்லு. பொய்யில்லையே."

சற்று நேரம் பேச்சில்லை. "எனக்கு அந்த வாடைதான் மாமா. குடிக்கறவங்களப் பாத்தா கோவமெல்லாம் வரல. வாடை வந்தா அப்பா வீட்டுக்கு வந்துட்டாருன்னு முழிச்சிக்குவேன். இன்னும் முழிச்சிக்கறேன்."

அத்தான் போய் எட்டு வருடம். இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட.

ஆம் என்று போட்டாள். போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதினாள். அறைத் தோழிக்கு ஆஸ்துமா. எதிர் அறையில் ஒரு முஸ்லிம் பெண். பக்கத்து அறைக்காரிக்கு வேறு கதை, அவளுடைய அம்மா அவளுக்கே தெரியாமல் டிக் போட்டுவிட்டாராம், வந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறாள். வெள்ளி இரவு மேல்மாடியில் கூத்து, கீழே இவர்கள் மேகி மீ அவித்துக்கொண்டு சீட்டாடுகிறார்கள். ஏன் வந்தாய் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடத்துக்கான பாரம் போன வாரம் வந்திருக்கிறது. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் என்ன போட்டாள் என்று அக்காவுக்கும் தெரியாது. எனக்கு இந்த முறை போன் வரவில்லை.