துகிலிகையும் நுரையும்

நாவிதரின் கருவிப் பைக்கு அடைப்பம் என்று பெயர். கத்தி, கத்தரி, நகவெட்டி, சாணைக்கல், கைக்கண்ணாடி, தண்ணீருக்கு ஒரு சிறு கிண்ணம் ஆகியவற்றைக் கொண்ட அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திண்ணை திண்ணையாகச் சென்று தொழில் நடத்திய முற்காலத்தில், இன்று திருப்பூர்ச் சலூன்களில் கண்ணாடிக்கு முன்னால் நுரை தோய நிற்கும் பிரஷ் என்னும் வஸ்து அதனுள் இடம்பெறவில்லை. தாடை மயிரை ஊறவைத்தவை வெறும் தண்ணீரும் விரல்களுமே. முகச் சோப்பு கப்பலேறி வந்த பிறகு அதன் துணைக்கருவியாகப் பிரஷும் வந்தது. கருவி நமக்குப் புதிது. ஆயினும் அதைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்கள் மிகப் பழையவை.

சவரம் என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். வடமொழியில் க்ஷுரம் என்பது மழிக்கும் கத்தி; அக்கத்தியால் ஆகும் காரியம் க்ஷௌரம்; அதுவே தமிழ் நாவில் தேய்ந்து சவரம் ஆயிற்று. கிரேக்கர் சவரக் கத்தியைக் க்ஷுரோன் என்றது இதன் உடன்பிறப்பு. ஆகவே சவரக்கத்தி என்று நாம் சொல்லும்போதெல்லாம் கத்தியை இருமுறை சொல்கிறோம். தமிழுக்கே உரிய சொற்கள் மழித்தலும் சிரைத்தலும் ஆகும். முன்னதைத் திருக்குறள் கூடாவொழுக்க அதிகாரத்தில் எடுத்தாண்டிருக்கிறது. பின்னது நாளடைவில் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது, தொழில் செய்தவருக்குச் சமூகம் இழைத்த அநீதியின் அடையாளமேயன்றி வேறல்ல. கொங்கு நாட்டில் அவருக்குக் குடிமகன் என்று ஒரு பெயர் உண்டு. கம்பர் இயற்றியதாக இப்பகுதியார் போற்றும் மங்கல வாழ்த்தைத் திருமணப் பந்தலில் பாடும் உரிமை அவருடையது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தகும்.

சவரத்தோடு சேர்த்து மயங்கக்கூடிய இன்னொரு சொல் சவர்க்காரம். சோப்புக்கு இலங்கைத் தமிழர் இன்றும் வழங்கும் பெயர் இது; நம் பாட்டிமார் இதையே சவுக்காரம் என்றார்கள். ஓசை ஒத்திருப்பினும் இவ்விரண்டுக்கும் உறவில்லை. துணி வெளுக்கப் பயன்பட்ட உவர் உப்புக்கு வடமொழியில் ஸர்ஜிக்ஷாரம் என்று பெயர்; அந்த வழியில் வந்தது சவர்க்காரம். முன்னது கத்தியிலிருந்தும் பின்னது உப்பிலிருந்தும் பிறந்தவை.

இனித் தூரிகை. இதற்கு மூலம் தூலிகா; அதற்கும் அடியில் இருப்பது தூலம், அதாவது பஞ்சு. பஞ்சை நூலாக்கி, நூலைப் பின்னித் துணியாக்கி, அத்துணியைப் பனியனாக்கி வாழும் ஊரில் இச்சொல்லைப் பற்றி எழுதுவது எனக்குத் தனி உவகை தருகிறது. (பனியன் என்னும் சொல்லும் நெடும்பயணம் போய் வந்ததே. மேலைக் கடற்கரை வணிகரைக் குறித்த வாணியா என்னும் பெயர் போர்த்துக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து, அவ்வணிகர் அணிந்த தளர்ந்த சட்டைக்கு ஆகி, பிறகு உள்ளாடைக்கும் ஆகி, நம்மிடம் திரும்பி வந்தது.) சங்க நூல்களில் தூரிகைக்குத் துகிலிகை என்ற வடிவம் வழங்கியது. நற்றிணையின் 118ஆம் பாடல், நுனியில் மெல்லிய துய் பொருந்திய பாதிரி மலரை, ஓவியர் அரக்குச் சாயத்தில் தோய்த்தெடுத்த துகிலிகைக்கு ஒப்பிடுகிறது. துய் என்பதற்குப் பஞ்சு என்பதும், கதிரிலும் பூவிலும் காணும் மென்னுனி என்பதும் பொருள். பிரஷின் தரத்தைப் பரீட்சிக்க விரும்புகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது இந்தத் துய்யையே அல்லவா? அடிமயிர் விறைப்பாக நின்று தாங்க வேண்டும். நுனி மட்டும் துய்யாகி நீரைப் பிடித்துவைக்க வேண்டும். நல்ல சவரத் தூரிகையின் இலக்கணம் இவ்வளவே.

அந்தத் துய்யை எந்தப் பிராணி தருகிறது என்பதில் தேசத்துக்குத் தேசம் பேதம் உண்டு. ஐரோப்பாவில் உயர்வாக மதிக்கப்பட்டது வளைக்கரடியின் மயிர். பிரெஞ்சு மொழியில் அப்பிராணிக்கும் சவரப் பிரஷுக்கும் பிளெரோ என்ற ஒரே பெயர் வழங்குவது இதனால்தான். நீரை மிகுதியாக ஏற்று மெத்தென்றிருப்பது அதன் விசேஷம், விலை அதிகம். பன்றி மயிர் மலிவானது, விறைப்பானது. வாங்கிய புதிதில் கன்னத்தில் குத்தும், வாடையும் அடிக்கும், சில வாரங்கள் பழகிய பின் ஒவ்வொரு மயிரின் நுனியும் பிளந்து பிளந்து துய்யாகிவிடும். நைலான் முதலிய செயற்கை இழைகள் நீரை அதிகம் உட்கொள்வதில்லை; அதனால் ஊறவைக்க அவசியமின்றி உடனே வேலைக்கு வந்து, விரைவில் உலர்ந்தும் விடும்.

குதிரை மயிரைப் பற்றி ஒரு துக்க சரித்திரம் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது வளைக்கரடி மயிரின் வரவு குன்றியதால், கீழ்த்திசை நாடுகளிலிருந்து வந்த குதிரை மயிரைக் கொண்டு அவசரமாகப் பிரஷ்கள் செய்து போர்வீரர்களுக்கு வழங்கினார்கள். சுத்திகரிக்கப்படாத மயிரில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் தங்கியிருந்தன, கத்தி பட்ட சிறு கீறல் வழியே அவை உடலில் புக, பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். ஜப்பானியச் சவரப் பிரஷ்களை இறக்குமதி செய்வதற்கே பிரிட்டன் 1920இல் தடை விதித்தது. ஆந்த்ராக்ஸ் வேறு எதுவும் அல்ல. காங்கயம் மாடு வளர்ப்போர் அஞ்சும் அடைப்பான் நோயே அது. மயிரின் வகையைக் காட்டிலும் மயிரின் சுத்தம் முக்கியம் என்பதை உலகம் இவ்வளவு விலை கொடுத்து அறிந்தது. பலர் முகத்துக்கும் பொதுவான சலூன் பிரஷ், கிருமிநாசினியில் கழுவி உலர்த்த எளிதான செயற்கை இழையாக இருப்பதே நலம் என்பது என் அபிப்பிராயம்.

தூரிகையின் தொழில் நுரை எழுப்புவது. நுரை தென்னாட்டு மொழிகளின் பொதுச் சொத்து: கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு, மலையாளத்தில் நுர. திருப்பூரில் இச்சொல் இரண்டு இடங்களில் காதில் விழுகிறது: ஒன்று சலூன் நாற்காலியில், மற்றொன்று மழை பெய்து நொய்யலில் புதுவெள்ளம் வருகையில், பாலத்துக்கடியில் வெண்பொதியாய் மிதக்கும் நுரையைக் கண்டு ஜனங்கள் மனம் வெதும்பும்போது. ஆற்றில் அவ்வளவு நுரைக்கிற ஊரில் கிண்ணத்தில் நுரைக்க மறுப்பது ஏன் என்று கேட்டால் ரசாயனம் விடை சொல்லும். ஆற்று நுரைக்குப் பெரிதும் காரணம் செயற்கைச் சலவைப் பொருள்கள். கடினநீர் அவற்றை எளிதில் கெடுப்பதில்லை. சவரச் சோப்போ கொழுப்பமிலத்தின் உப்பு. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பற்றிக்கொண்டு கரையாத கசடாக்கிவிடும். வீட்டுக்கு வீடு நல்ல தண்ணி என்றும் உப்புத் தண்ணி என்றும் இரண்டு குழாய் வைத்திருக்கும் இவ்வட்டாரத்தில், ஆழ்குழாய் நீரில் நுரை திரிவதற்கு இதுவே காரணம்.

சாயப்பட்டறைகளில் பருத்தித் துணியின்மீது சாயம் ஏறுவதற்காகக் கொட்டும் உப்பு, கழிவோடு நொய்யலில் கலந்து நிலத்தடி நீரையும் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் பாசனத்துக்கு உதவாமற் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் எவரும் அறிந்தவை. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் நீரிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்க இடுவதும் இதே உப்பைத்தான்; துணியில் சாயத்தை ஏற்றும் உப்பு, நீரிலிருந்து சோப்பை வெளியேற்றவும் வல்லது.

சனிக்கிழமை வாரக்கூலி வாங்கிய பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் உட்கார்ந்திருக்கும் சலூனில், கை தேர்ந்த ஒருவரின் வேலையைக் கவனித்தால் முறை விளங்கும். நனைத்த பிரஷை ஒருமுறை உதறி, மிகுந்த நீரைப் போக்கி, பட்டாணியளவு கிரீமை நுனியில் ஏற்றி, கன்னத்தில் வட்டம் வட்டமாகச் சுழற்றுகிறார். நுரை வற்றினால் நுனியை மட்டும் நீரில் தொட்டு மறுபடி சுழற்றுகிறார். முதலில் பெரிய குமிழாய் எழும் நுரை, தயிர்போல் இறுகிக் குமிழே தெரியாமற் போனதும் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, மேலும் கீழுமாக நீவி முகமெங்கும் சமமாகப் பரப்புகிறார். இந்தக் கடைசி நீவல் ஓவியன் கைவேலையே. துகிலிகை என்னும் பெயர் இக்கருவிக்கு இவ்விடத்தில் முழுவதும் பொருந்துகிறது. வட்டமாகச் சுழற்றும்போது அடிவரை அழுத்தினால் மயிர் நடுவே பிளந்து உதிரும். ஆகையால் நுனியும் அதற்குச் சற்றுக் கீழும் மட்டுமே தோலில் படவேண்டும்.

வீட்டில் மழித்துக்கொள்கிறவர் பன்றிமயிர்ப் பிரஷை முகம் கழுவும் நேரம் முழுதும் வெந்நீரில் ஊறவிடலாம். முடிந்ததும் சோப்பு அறவே போக அலசி, உதறி, துண்டில் ஒற்றிக் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். மூடிய டப்பாவில் ஈரத்தோடு வைத்தால் அடிமயிர் அழுகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து வண்டலை இறுத்துக்கொண்டால் கடினத்தில் ஒரு பகுதி நீங்கும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது நீங்காது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் இருப்பவர்கள் விலையுயர்ந்த தூரிகையைத் தேடுவதற்கு முன்னால், நல்ல தண்ணியில் ஒரு டம்ளரைச் சவரத்துக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பன்றிமயிர்ப் பிரஷே போதுமான நுரை தரும்.