கொனோரியா

கிரேக்கத்தில் 'கோனோஸ்' என்றால் விந்து. 'ரோயா' என்றால் ஒழுக்கு. சிறுநீர்த்தாரையில் வடியும் சீழை விந்தென்று பழைய மருத்துவர்கள் எண்ணியதால் இந்தப் பால்வினை நோய்க்கு வந்த பெயர். 1879இல் ஆல்பர்ட் நைஸர் அந்தச் சீழில் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமியைக் கண்டார். பிழை தெளிந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் வெட்டை என்பார்கள். அது இன்னும் குழப்பமான சொல்: உடற்சூடு, வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சூடுதானே என்று இளநீர் குடித்தே நாளைக் கடத்துவது ஆபத்து. சீழுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளணுக்களுக்குள்ளேயே கிருமி தெரியும். தெரியாவிட்டால் நோயே இல்லை என்றாகாது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைக் கிருமி அந்தப் பார்வைக்குச் சிக்காது. சிறுநீரில் முதலில் வரும் பகுதியை எடுத்து கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை செய்தாக வேண்டும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.