பந்தியும் பள்ளியும்

ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கின்றது என்பதைப் பாடநூலைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது. பள்ளியின் உண்டிச்சாலையையும் நோக்குதல் வேண்டும். யார் சமைத்ததை யார் உண்பது, யாரோடு யார் அமர்வது என்னும் வினாக்கள் தமிழகக் கல்வி வரலாற்றில் பெரும்பூசல்களை விளைத்துள்ளன. அவற்றுள் இரண்டினை ஈண்டு ஒப்பிட்டு ஆராய்வோம்.

பழனிமலைமேல் உள்ள கோடைக்கானல், அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் 1845இல் எழுப்பிய இல்லங்களினின்றும் வளர்ந்த ஊராகும். அவ்வாண்டிலேயே அம்மிஷனின் சமயக் கல்விக்கூடம் திருமங்கலத்தினின்றும் பசுமலைக்கு மாறியது. 1847இல் அம்மிஷன் தன் ஊழியர்க்கு ஒரு சோதனை வைத்தது. சாதியைத் துறந்தமைக்குச் சான்றாகத் தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை அவர்கள் உண்டு காட்டுதல் வேண்டும் என்பதே அது. மறுத்த உபதேசியார் பலர் பணியிழந்தனர். கல்விக்கூடமும் இப்பூசலுக்குத் தப்பவில்லை. 1850இல் சென்னையிற் கூடிய மிஷனரி மாநாடும் இத்தகைய சோதனையை ஏற்றது. சாதி சமுதாய வழக்கமே என்று கருதிய இலைப்சிக் லுத்தரன் மிஷனார் மட்டும் இதற்கு உடன்படவில்லை.

சாதி ஒழிதல் வேண்டும் என்ற கொள்கை அறத்தின்பாற்பட்டதே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அச்சோதனை தமிழருக்குள் இருந்த பந்தியை மட்டுமே அளந்தது. வெள்ளையர்க்கும் தமிழர்க்கும் இடையே நின்ற வேறுபாட்டை அளக்கவில்லை. 1901இல் கோடைக்கானலில் தோன்றிய ஹைகிளார்க் பள்ளியும் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. அவர்களைத் தாய்நாட்டுக் கல்விக்கு ஆயத்தம் செய்வதே அதன் நோக்கம். 1970களிலேயே அது பன்னாட்டுப் பள்ளியாக உருமாறியது. பிறர் இலையைச் சோதித்தோர் தம் பிள்ளைகளின் உண்டிச்சாலையை அவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்று கொள்ளுதற்கில்லை.

இனி, தமிழர் தம்மைத் தாமே வினவிய நிகழ்ச்சியைக் காண்போம். 1922இல் வ. வே. சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர்ச் சேரன்மாதேவியில் நிலைபெற்றது. தமிழ்நாடு காங்கிரசு அதற்குப் பத்தாயிரம் ரூபாய் அளிக்க இசைந்து, ஐயாயிரம் வழங்கியது. ஐயர் சாதி பாராது உண்ணும் இயல்பினர். எனினும், பெற்றோர்க்கு அளித்த வாக்கினால் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளித்தார். இச்செய்தி வெளிப்பட்டதும் வரதராசுலு நாயுடு, ஈ. வெ. இராமசாமி முதலியோர் எதிர்த்தெழுந்தனர். பொதுப்பணம் பெறும் தேசியக் கல்விக்கூடத்தில் பிறப்பால் வேற்றுமை இருத்தல் தகுமோ என்பது அவர்தம் வினா.

1925 மார்ச்சில் வந்த காந்தியடிகள், முன்னரே சேர்ந்த இருவர்க்கும் அளித்த வாக்கைக் காத்து, இனி வருவோர்க்குப் பொதுப்பந்தியை விதியாக்குமாறு கூறினார். பூசல் அடங்கவில்லை. ஏப்ரலில் காங்கிரசுக் குழு பிறப்பு வேற்றுமையை மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இராசாசி முதலியோர் குழுவினின்றும் விலகினர். ஐயர் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். சூன் மாதத்தில் பாபநாசத்து அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் ஈ. வெ. இராமசாமி காங்கிரசைவிட்டு வெளியேறினார். இருவர் இலை மாநில அரசியலின் போக்கையே திருப்பிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். பசுமலையில் விதி செய்தோர் விதிக்குப் புறத்தே நின்றனர். சேரன்மாதேவியில் வினா எழுப்பியோர் தம் சமுதாயத்தையும் தம் இயக்கத்தையுமே வினவினர். முன்னது பணியச் செய்தது. பின்னது சிந்திக்கச் செய்தது. ஐயரின் தூய நெஞ்சமும் அவ்வினாவிற்கு விடையாகவில்லை. நல்லோர் செய்யும் விலக்கும் விலக்கே என்பதை அச்சிறுவர் பந்தி காட்டிற்று.

1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 1982இன் சத்துணவும், 2022இன் காலை உணவும் ஒரே அடுப்பின் உணவைப் பல்லாயிரம் சிறார்க்கு அளித்தன. எனினும் 2023இல் கரூர் மாவட்டப் பள்ளியொன்றில், சமைத்தவர் பட்டியலினத்துப் பெண் என்பதனால் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணாது தடுத்தனர். எனவே, வினா முடிந்ததன்று. சிறுவன் முதலிற் கற்கும் பாடம் அரிச்சுவடியன்று. தன் அருகில் அமர்ந்து உண்பவன் யார் என்பதே என நாம் கருதுகின்றோம்.