லைசன்ஸ் ராஜ் காப்பாத்தின சேட்டக்

பழைய பஜாஜ் சேட்டக்கை மறுபடி ஓட வைக்கணும்னா முதல்ல வேண்டியது பார்ட்ஸ். ஆச்சரியம் என்னன்னா, அது இன்னிக்கும் கிடைக்குது. ஏன்னு நூல் பிடிச்சுப் போனா, நாம எல்லாரும் வாய் நிறையத் திட்டின லைசன்ஸ் ராஜ் காலத்துலதான் போய் நிக்கணும் :-)

கொஞ்சம் பழைய கதை. 1946ல் இத்தாலியின் பியாஜியோ கம்பெனி வெஸ்பாவைக் கொண்டு வந்தது. அதை வடிவமைத்த கொராடினோ தாஸ்கானியோ அடிப்படையில் விமானம் செய்கிறவர். அதனால்தானோ என்னவோ, தனியா சட்டம் வைக்காமல் தகர உடம்பையே வண்டியோட எலும்பாக்கிட்டார். 1960களில் பஜாஜ் அந்த வெஸ்பாவை உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது. 1971ல் ஒப்பந்தம் முடிந்தது. 1972ல் அதே சாயலில் சேட்டக் வந்தது. பேரு மட்டும் ராணா பிரதாப்போட குதிரை.

வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம்னு அப்போ அரசாங்கம்தான் அளவு வச்சது. கேட்கிற ஆள் அதிகம், வண்டி கம்மி. புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். புது வண்டியைவிட கைமாறின வண்டிக்கு விலை அதிகம்! வாசல்ல வரிசை நிக்கும்போது மாடலை மாத்த யாருக்கு அவசரம்? 1984ல் கைனடிக் ஹோண்டா கியர் இல்லாம, பட்டன் ஸ்டார்ட்டோட வந்துச்சு. சேட்டக் மட்டும் கைப்பிடி கியர், சாய்ச்சுப் பிடிச்சு கிக் அடிக்கிறதுன்னு அப்படியே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க சித்தப்பாவோடது 1983 மாடல். அவர் போனப்புறம் 12 வருஷம் மாடிப்படிக்கு அடியில கிடந்தது. மேல ஈரச் சாக்கு, டேங்க்ல பாதி பெட்ரோல். வண்டியை இதைவிட மோசமா நிறுத்தி வைக்க முடியாது. டூ ஸ்ட்ரோக் வண்டியில பெட்ரோலோட ஆயிலும் கலந்திருக்கும். பெட்ரோல் ஆவியாயிடும், ஆயில் பிசினா நின்னு கார்புரேட்டர் ஜெட்டை அடைச்சிடும். டேங்க் உள்ளே துரு. பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டிக்கும். பழைய இரும்புக்குப் போடலாம்னுதான் வீட்ல எல்லாரும் சொன்னாங்க. சித்தி மட்டும் ஒண்ணும் சொல்லலை.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் கிக்கரைத் தொடவே விடலை. பிளக்கைக் கழட்டி ஓட்டை வழியா ஆயில் ஊத்தி ரெண்டு நாள் ஊற விட்டார். அப்புறம் கியர்ல போட்டு முன்னும் பின்னும் மெதுவா தள்ளினார். மூணாவது தள்ளுல பிஸ்டன் விட்டுக் கொடுத்தது. டேங்க்ல மண்ணெண்ணெயும் சரளைக் கல்லும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். பாயிண்ட்டை எமரித் தாள்ல தேய்ச்சோம். பேட்டரி பத்திக் கவலையே இல்லை, மேக்னட்டோ சுத்தினா ஸ்பார்க் வரும். கிராங்க் ஆயில் சீல், பெட்ரோல் டியூப், கேபிள், டயர் எல்லாம் புதுசு. எல்லாமே பக்கத்து டவுன்ல ஒரே கடையில கிடைச்சது. பல வருஷம் ஒரே மாதிரி வந்த வண்டிக்குத்தானே இந்தக் கொடுப்பினை? அண்ணனோட விரலுக்கும் அந்த எஞ்சின் மனப்பாடம்.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. ஒரு ஸ்கூட்டருக்காக ஜனங்க வருஷக்கணக்கா காத்திருந்தது அநியாயம்தான். ஆனா மாறாத வண்டியால ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஒரு தலைமுறையே உருவாச்சு. அது யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதில்லை.

2009 டிசம்பர்ல ஸ்கூட்டரே இனி வேண்டாம்னு பஜாஜ் அறிவிச்சது. 2020ல் அதே சேட்டக் பேரை மின்சார வண்டிக்கு வச்சு விற்பனைக்குக் கொண்டு வந்தது. நல்ல வண்டியாவே இருக்கட்டும். 12 வருஷம் மாடிப்படிக்கு அடியில கிடந்தா அதை எழுப்ப எந்தத் தெரு அண்ணன்கிட்ட போறது?