உலகைச் சுற்றிய பயண முகவர்

1841 ஜூலை 5 அன்று, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார் தாமஸ் குக். அதுவே அவருடைய பயணத் தொழிலின் தொடக்கம்.

1869இல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் ரயில்பாதையும் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டன. உலகையே சுற்றி வரலாம் என்று விளம்பரம் செய்ததோடு குக் நிற்கவில்லை. 1872 செப்டம்பரில், 63 வயதில், சிறு குழுவுடன் தானே புறப்பட்டார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, இந்தியா, எகிப்து எனப் பயணம் 222 நாட்கள் நீடித்தது. வழியில் அவர் எழுதிய கடிதங்கள் லண்டன் டைம்ஸில் வெளிவந்தன.

பயண முகவர் விற்பது நம்பிக்கையைத்தான். 2019 செப்டம்பர் 23இல் அவர் பெயரிலிருந்த நிறுவனம் வீழ்ந்தபோது, வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,50,000 பிரிட்டன் பயணிகளை ஊர் சேர்க்கும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டியதாயிற்று.