காஞ்சிப் பட்டும் ஆம்பூர்த் தோலும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-இல், கல்யாணம் நிச்சயமான குடும்பம் காஞ்சிபுரத்துக்குத் திரும்பும். அதே குடும்பம் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் ஆம்பூரில் நின்றால் அது பிரியாணிக்காகத்தான். சீரகச் சம்பா அரிசியும் கத்திரிக்காயும் முடிந்ததும் கை கழுவிவிட்டு வண்டியேறிவிடுவார்கள். எதிர்ப்பக்கத்துக் கடைகளில் அடுக்கியிருக்கும் தோல் ஷூக்கள் ஐரோப்பியக் கடைவீதிகளுக்காகத் தைக்கப்பட்டவை. அவற்றை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

இரண்டு ஊர்களுக்கும் ஆறு ஒன்று. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழகத்துக்குள் நுழைகிறது. ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாக வந்து காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஓடுகிறது. மேலே தோல், கீழே பட்டு. இரண்டுக்குமே புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் கிடைத்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்கால் பதனிடும் தமிழகத்து ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோலுக்கு அதன் பின்னர் கிடைத்தது. முதலாவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், ஊர் யாரை எதிர்பார்த்து வளர்ந்தது என்பதுதான். காஞ்சிபுரம் வாசலுக்கு வரும் ஆளை நம்பி வளர்ந்தது. காந்தி ரோட்டில் கடைக்குள் போனால் பாய் விரித்து உட்காரவைத்துப் புடவை புடவையாகப் பிரித்துப் போடுவார்கள். வாங்காவிட்டால் முகம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். தறியைப் பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளையார்பாளையத்தில் யாராவது வீட்டுக்குள் அழைத்துப் போவார்கள். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோர்க்கும் கோர்வை, முந்தியை இணைக்கும் பெட்னி எல்லாம் கண்ணெதிரே நடக்கும். பிடித்த நிறம் சொல்லித் தறியில் ஏற்றச் சொல்லலாம். ஒரே ஒரு புடவைக்கும் நெய்து தருவார்கள்.

ஆம்பூரின் வாடிக்கையாளர் கடல் கடந்து இருக்கிறார். பதனிட்டும் பதனிடாமலும் தோலாகவே ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தப் பகுதி, சீதாராமையா குழுவின் 1972 அறிக்கையும் அடுத்து வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும் தந்த நெருக்கடியில் முழுதும் பதனிட்டு முடித்த தோலுக்கும், பின்னர் ஷூவுக்கும் மாறியது. ஒரு ஜோடி ஷூ வெட்டு, தையல், லாஸ்ட் எனும் கால் அச்சில் ஏற்றல், சோல் ஒட்டல், மெருகு என்று பல கைகள் மாறுகிறது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. காலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனிப் பஸ் போய் அவர்களை ஏற்றிவரும். வீட்டுத் திண்ணையிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் எனும் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் பெண்களும் உண்டு. காஞ்சி நெசவாளரைப் பார்க்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு உண்டு. இந்தப் பெண்களைப் பார்க்கும் வாய்ப்பு ஷூ வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே ஆம்பூரில் நாம் வாங்குவது ஏற்றுமதி போக மிச்சம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மிச்சமும் உண்டு, மட்டமான மிச்சமும் உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ரத்தான ஆர்டரில் தங்கியது நல்ல மிச்சம். வாங்கும் கம்பெனிக்குக் காட்டச் செய்த சாம்பிள் அதைவிட நல்லது. ஆனால் சாம்பிள் ஜோடி பெரும்பாலும் ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 37 என்ற அளவில்தான் இருக்கும். அந்தக் கால் உங்களுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். ரிஜெக்ட் என்றால் ஏன் ரிஜெக்ட் என்று பாருங்கள். இரண்டு காலுக்கும் நிறம் சற்று மாறியிருப்பது, பசைக் கறை, ஓரிடத்தில் தையல் தப்பியிருப்பது பரவாயில்லை. மடக்கினால் மேல்தோல் பொதபொதவென்று எழும்பிச் சுருக்கம் விழுந்தால் வைத்துவிடுங்கள்.

பட்டு வாங்கப் போகும் நம் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விரலில் உருட்டிப் பார்ப்பார்கள், கையில் எடுத்து எடை பார்ப்பார்கள், சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று கவனிப்பார்கள். அத்தையிடமிருந்து மருமகளுக்கு வந்த படிப்பு இது. மத்தியப் பட்டு வாரியத்தின் துணையோடு 2004 முதல் இருக்கும் பட்டு முத்திரையையும் தேடுகிறார்கள். அந்த முத்திரை பட்டுதான் என்று மட்டும் சொல்லும். சரிகையின் தரத்தையும் நெய்த ஊரையும் பற்றி அது வாய் திறக்காது. கைத்தறியா விசைத்தறியா என்ற கவலை தீர அறிஞர் அண்ணா பெயரிலும் முருகன் பெயரிலும் இருப்பவை போன்ற கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போவார்கள். பேரம் இல்லாத விலை, பண்டிகைத் தள்ளுபடி, பில். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் “நெசவாளர் வீட்டுக்கே கூட்டிப்போறேன்” என்பவரின் கமிஷன் உங்கள் புடவை விலையில்தான் ஏறும்.

தோலுக்கு அப்படியொரு படிப்பு நம்மிடம் இல்லை. பட்டு மங்கலம், தோல் தீட்டு என்று வைத்திருந்த சமூகம் ஒன்றைத் தொட்டுத் தொட்டுக் கற்றது, மற்றதைத் தொடாமலே காலில் போட்டுக்கொண்டது. சோதனை என்னவோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டும் தோலும் உயிரிலிருந்து வந்த புரதம். ஒரு நூலையோ துணுக்கையோ கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். செயற்கைச் சரக்கு உருகி உருண்டையாகும். கடையில் கொளுத்த விடமாட்டார்கள் என்பதால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார்நாராகத் தெரியும். ஓரம் நீலச் சாம்பல் நிறமாக இருந்தால் குரோமில் பதனிட்டது, பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவரப் பட்டையில் பதனிட்டது. மேற்பரப்பில் மயிர்த் துளைகள் ஒழுங்கில்லாமல் இருப்பது நல்ல அறிகுறி. அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படலாம்.

இதைவிட எளிய வழி ஷூவுக்கு உள்ளேயே ஒட்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் கொண்டுவந்த விதிப்படி அங்கே விற்கும் ஒவ்வொரு ஜோடியிலும் மேற்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி எதனால் ஆனவை என்று படக் குறியிலோ எழுத்திலோ சொல்லவேண்டும். விரித்த தோலின் வடிவம் என்றால் தோல். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சு பூசிய தோல். வலை துணியைக் குறிக்கும், தனிச் சாய்சதுரம் வேறு பொருளைக் குறிக்கும். அந்தப் பகுதியின் பரப்பில் (அடிப்பகுதிக்குக் கன அளவில்) குறைந்தது 80 விழுக்காடு எதுவோ அதற்கே குறி. ஆம்பூர்க் கடைகளில் பிராண்டு பெயரை அழித்தோ வெட்டியோ வைத்திருந்தாலும் இந்த ஒட்டுச்சீட்டு பல சமயம் தப்பித்து நிற்கும்.

அளவிலும் எச்சரிக்கை வேண்டும். ஏற்றுமதி லாஸ்ட் ஐரோப்பியக் காலுக்கு ஏற்றது. நமக்கு முன்பாதம் அகலம். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளந்து ‘பா’ என்ற இந்திய அளவுமுறையை முன்வைத்ததும் இதனால்தான். நீளம் பொருந்துகிறதென்று வாங்கினால் சுண்டுவிரல் அழும். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். சோல் பாலியூரித்தேன் என்றால் செய்த மாதத்தைத் தேடிப் பாருங்கள். ஈரப்பதமுள்ள நம் ஊர்க் காற்றில் சில வருடம் பெட்டியில் கிடந்தாலே, போடாத ஷூவின் சோல் கூடப் பொடிப்பொடியாக உதிரும். பீரோவில் ஒரே மடிப்பில் வைத்த புடவையின் சரிகை ஒடிவதுபோலத்தான், ஆனால் புடவையை மடிப்பு மாற்றி வைத்துக் காப்பாற்றலாம்.

விலையில் சேராத கணக்கு ஒன்றும் உண்டு. பட்டின் மினுமினுப்பு பாலாற்றுத் தண்ணீரால் வந்தது என்று காஞ்சிபுரத்தில் சொல்வார்கள். அதே ஆற்றின் மேற்பகுதியில் தோல் ஆலைக் கழிவால் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்று தீர்ப்பளித்து ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அது மைல்கல். இருந்தும், 2025 ஜனவரியில் இதே வேலூர்ப் பகுதிக்காக நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. மலிவாக ஷூ கிடைத்த மகிழ்ச்சியில் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

சீசனும் வேறு. காஞ்சிபுரம் முகூர்த்தத்தையும் தீபாவளியையும் பார்த்து நடக்கிறது. அந்த வாரங்களைத் தவிர்த்துப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஆம்பூர் வெளிநாட்டுக் குளிர்காலத்தையும் கோடைகாலத்தையும், சில நேரம் ஓர் அயல்நாட்டு அதிபரின் மனநிலையையும் பார்த்து நடக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது ஆம்பூரும் கலங்கியது.

உள்ளூர் வாடிக்கையாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை இந்த ஊர் நினைத்துப் பார்க்க அதுவே தக்க நேரம். காஞ்சிபுரத்துச் சங்கக் கடைபோல, ஆலைகளோ அரசோ நெடுஞ்சாலையோரம் முதல் தரச் சரக்குக்கென்று ஒரு கடை திறக்கட்டும். பெட்டியின் மேல் எந்த விலங்கின் தோல், எப்படிப் பதனிட்டது, எந்த மாதம் செய்தது என்று தமிழில் அச்சிடட்டும். ஐரோப்பியருக்கு முப்பது ஆண்டாக ஒட்டுச்சீட்டு ஒட்டிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையில்லை.