ஃபைப்ரோமயால்ஜியா: வலியுணர்வும் வெப்பநிலை எதிர்வினையும்

ஃபைப்ரோமயால்ஜியா என்பது மூன்று மாதங்களுக்கு மேல் உடலெங்கும் பரவி நீடிக்கும் வலி, களைப்பு, அயர்வு நீங்காத உறக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றைக் கொண்ட நாட்பட்ட நோய். ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் கண்டறியப்படுகிறது.

வகைப்பாடு: இதில் மூட்டழற்சியோ திசுச் சிதைவோ இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் திருத்தம் இதை நாட்பட்ட முதன்மை வலிகளுள் சேர்க்கிறது.

வலியுணர்வு: மூளையும் தண்டுவடமும் வலிச் சமிக்ஞைகளைப் பெருக்குவதால், பிறருக்கு வலிக்காத அழுத்தமும் வலியாகிறது. வலியைத் தணிக்கும் இறங்கு நரம்புப் பாதைகள் வலுக்குன்றுகின்றன. மூளைத் தண்டுவட நீரில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் வலிக்கடத்திப் பொருள் கூடுதலாகக் காணப்பட்டுள்ளது.

வெப்பநிலை எதிர்வினை: சூட்டு வலி இயல்பைவிடக் குறைந்த வெப்பநிலையிலும், குளிர் வலி இயல்பைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் தொடங்குகிறது. குளிரில் பலருக்கு வலி கூடுகிறது. சிலருக்கு விரல்கள் வெளிறிச் சில்லிடுகின்றன. இந்நோயுள்ள பெண்களின் உள்ளங்கைத் தோலில், வெப்பத்தைச் சீராக்கும் தமனி–சிரை இணைப்புகளைச் சுற்றி நரம்பிழைகள் மிகுந்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

வரலாறு: 1904இல் பிரிட்டிஷ் நரம்பியலர் வில்லியம் கவர்ஸ் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்ற பெயரை உருவாக்கினார்; இன்றைய பெயர் 1976இல் வந்தது. அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 1990ஆம் ஆண்டு கண்டறிதல் அளவுகோல், நான்கு கிலோ அழுத்தத்தில் உடலின் குறிப்பிட்ட 18 புள்ளிகளுள் குறைந்தது 11இல் வலி வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டு அளவுகோல் அதற்குப் பதிலாக வலிப் பரவலையும் அறிகுறிக் கடுமையையும் கணக்கிட்டது.

முக்கியத்துவம்: வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருப்பதால் நோய் கண்டறியப்படத் தாமதமாகிறது. வலிப் பெருக்கத்துக்கு நரம்பியல் அடிப்படை உண்டு என்ற அறிவு, நோயாளியின் வலி கற்பனை அன்று என்பதை உறுதிசெய்கிறது. படிப்படியான உடற்பயிற்சி, வெந்நீர்ச் சிகிச்சை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, தேவைக்கேற்ற மருந்துகள் ஆகியவை சிகிச்சை முறைகள்.